முதல் வகுப்பு வரை போய்ச் சேரும் பணம்: கென்யப் பள்ளிகளுக்கான வெளிநாட்டு உதவியில் எந்த வழி மேல்?

வளரும் நாடுகளின் தொடக்கக் கல்விக்குப் பணக்கார நாடுகள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் கேள்வி. 1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜோம்தியென் நகரிலும், 2000-ஆம் ஆண்டில் செனகலின் டக்கார் நகரிலும் கூடிய மாநாடுகள் 'அனைவருக்கும் கல்வி' என்று உறுதி கூறியபோது, உதவித்தொகை ஆண்டுதோறும் கூடும் என்ற நம்பிக்கை இருந்தது. இன்று அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதியோடு அந்த உதவியைப் பிற நாடுகளில் நடத்திவந்த யுஎஸ்எய்டு அமைப்பின் பணிகளே முடித்துவைக்கப்பட்டன. தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027-க்குள் 0.3 விழுக்காடாகக் குறைக்கப்போவதாகப் பிரித்தானியா பிப்ரவரியில் அறிவித்தது. ஆகவே, 'எவ்வளவு' என்பதைவிட 'எந்த வழியில்' என்பதே இப்போது முடிவு செய்ய வேண்டியதாக இருக்கிறது. எஞ்சியிருக்கும் தொகையைப் பள்ளிக் கட்டணத்தை ஒழிக்கக் கொடுப்பதா, புத்தகத்துக்குக் கொடுப்பதா, உணவுக்கும் மருந்துக்குமா, கூடுதல் ஆசிரியருக்கா, அல்லது ஏற்கெனவே வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் கற்பித்தலை மேம்படுத்தவா?

இதைப் பொதுவாகப் பேசினால் பேச்சு நல்லெண்ணத்தோடு நின்றுவிடும். எனவே கென்யாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன வழிகள் அனைத்தும் அந்த ஒரே நாட்டில், முப்பது ஆண்டுகளுக்குள், பெரும்பாலும் மேற்குக் கென்யாவின் சில மாவட்டங்களிலேயே செய்து பார்க்கப்பட்டிருக்கின்றன. செய்து பார்த்ததோடு நிற்காமல், பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, உதவி பெற்ற பள்ளியையும் பெறாத பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தும் இருக்கிறார்கள். மேற்குக் கென்யாவில் ஓராண்டு பள்ளி ஆசிரியராக இருந்த மைக்கேல் கிரெமர், பிற்காலத்தில் பொருளியலாளராகத் திரும்பி வந்து தொடங்கிவைத்த ஆய்வு மரபு அது. 2019-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருடன் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தப் பள்ளிகளில் நடந்த சோதனைகள் ஒரு முக்கியக் காரணம்.

வழிகளை எடைபோடுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. கென்யாவின் கல்விச் செலவில் மிகப் பெரும் பகுதியை ஏற்பது கென்ய மக்களின் வரிப்பணம்தான். அதிலும் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளத்துக்கே போகிறது. வெளியிலிருந்து வரும் பணம் இதற்கு மேல் ஊற்றப்படும் சிறிதளவு. அந்தச் சிறிதளவு தானாக எதையும் சாதித்துவிடாது. அடியில் இருக்கும் பெருந்தொகை நன்றாக வேலை செய்ய அது உதவினால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இல் தொடங்கிய வீட்டுக்கு வீடு கற்றல் கணக்கெடுப்பைப் பார்த்துக் கிழக்கு ஆப்பிரிக்காவில் 'உவேசோ' என்ற கணக்கெடுப்பு உருவானது. அதன் தொடக்க ஆண்டு முடிவுகள், கென்யாவில் மூன்றாம் வகுப்பில் படிக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ மூவரால் மட்டுமே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிகிறது என்று காட்டின. கட்டடம் இருந்தது, சம்பளம் பெறும் ஆசிரியர் இருந்தார், குழந்தையும் வந்து உட்கார்ந்திருந்தது. குழந்தைக்கு எழுத்துத் தெரியவில்லை. எனவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்பவை இரண்டு: வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை இது எட்டுகிறதா? கொடையாளர் போன பிறகும் இது நடக்குமா?

முதலில் கட்டண ஒழிப்பு. 1974-இல் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டாவின் அரசு முதல் நான்கு வகுப்புகளுக்குக் கட்டணத்தை நீக்கியது. பின்னர் கட்டட நிதி என்றும் வேறு பெயர்களிலும் அது திரும்ப வந்தது. 1980-களின் இறுதியில், கடன் கொடுத்தவர்கள் வலியுறுத்திய பொருளாதாரச் சீரமைப்பின் ஒரு பகுதியாக, செலவைப் பெற்றோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கை அமலானது. அதாவது, ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்த அழுத்தமே குழந்தைகளைப் பள்ளி வாசலில் நிறுத்தியது என்பதை உதவி பற்றிப் பேசுவோர் மறந்துவிடக் கூடாது. 2003 ஜனவரியில் அதிபர் கிபாக்கியின் புதிய அரசு தொடக்கக் கல்விக் கட்டணத்தை ஒரேயடியாக நீக்கியபோது, ஏறத்தாழ 59 இலட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 72 இலட்சத்தைத் தாண்டியது. மறு ஆண்டு எல்டோரட் நகரின் பள்ளி ஒன்றில் 84 வயதான கிமானி மாருகே, சீருடை அணிந்து, முதல் வகுப்பில் வந்து சேர்ந்தார். பல ஆண்டுகளாகப் பூட்டியிருந்த ஒரு கதவுக்கு வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் அரசு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,020 ஷில்லிங் என்று கணக்கிட்டு நேரடியாகப் பள்ளியின் வங்கிக் கணக்குக்கு அனுப்பியது. அதில் 650 ஷில்லிங் புத்தகம் முதலான கற்றல் பொருள்களுக்கு, மீதி பிற செலவுகளுக்கு. உலக வங்கி 5 கோடி டாலர் மானியம் தந்தது. பிரித்தானியாவும் பிறரும் சேர்ந்துகொண்டார்கள். கொள்கையளவில் இதைவிட நேர்மையான உதவி முறை இல்லை என்றே நான் நினைக்கிறேன். நாடு தானே எடுத்த முடிவுக்கு, அந்நாட்டின் கருவூலம் வழியாகவே வலுச்சேர்ப்பது இது. ஆனால், வந்து குவிந்த பிள்ளைகளுக்கு ஏற்ப ஆசிரியர் எண்ணிக்கை கூடவில்லை. முதல் வகுப்புகளில் எண்பது, நூறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வசதி இருந்த பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். 2009-இல் திட்டப் பணத்தில் முறைகேடு நடந்திருப்பது தணிக்கையில் தெரியவந்ததும், பிரித்தானியாவும் அடுத்து அமெரிக்காவும் அரசு வழியாகக் கொடுத்துவந்த கல்வி நிதியை நிறுத்தின. களவுக்கு இடமில்லை என்று சொன்னதில் தவறு காண முடியாது. ஆயினும் ஒரு கணக்கில் நடந்த களவுக்காக முழு வாய்க்காலையும் அடைத்தபோது, அந்தக் களவில் எந்தப் பங்கும் இல்லாத குழந்தைகளுக்குப் போக வேண்டிய பணமும் நின்றது. என் முதல் கேள்விக்கு இந்த வழி பாதி விடைதான் தருகிறது: கடைசி வரிசைக் குழந்தையை வகுப்புக்குள் கொண்டுவந்தது, ஆனால் அதற்குப் படிக்கக் கற்றுத்தரவில்லை. இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை தருகிறது: கொடையாளர் போனாலும் கட்டணமில்லாக் கல்வி நின்றுவிடவில்லை.

அடுத்தது புத்தகம். உதவி என்றாலே பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பெட்டி பெட்டியாகப் புதுப் புத்தகம் போய் இறங்குவதைப் படமெடுத்துக் காட்ட முடியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். 1996-இல், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா, தேசோ மாவட்டங்களில், ஒரு டச்சுத் தொண்டு நிறுவனம் 25 பள்ளிகளுக்கு அரசின் அதிகாரபூர்வப் பாடநூல்களைக் கொடுத்தது. அதுவரை அப்பள்ளிகளில் ஒரு புத்தகத்தைப் பல பேர் பகிர்ந்துகொண்டார்கள், அல்லது ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஆகவே, மதிப்பெண் உயரும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தார்கள். சராசரி மதிப்பெண் அசையவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த, வகுப்பின் மேல்தட்டு மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள்.

காரணம் புத்தகத்தின் மொழியில் இருந்தது. அந்த மாவட்டத்துக் குழந்தை வீட்டில் லூயா மொழியோ தேசோ மொழியோ பேசுகிறது. சந்தையிலும் வானொலியிலும் சுவாகிலி கேட்கிறது. பாடநூலோ ஆங்கிலத்தில், அதாவது அதன் மூன்றாவது மொழியில், நைரோபியின் வசதியான வீட்டுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தது. பள்ளி வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் முதன்முதலாக ஆங்கிலப் பாடநூலைத் திறந்து, ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டவர்களுக்கு இது விளக்காமலே புரியும். அதே நிலையை எட்டு வயதில், உதவிக்கு அகராதியும் இல்லாமல் எண்ணிப் பார்க்க வேண்டும். புத்தகம் மடியில் இருந்தும் படிக்க முடியாத குழந்தைக்கு, அடுத்த ஆண்டு இன்னொரு புத்தகம் தருவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனவே, புத்தகம் மட்டும் கொடுக்கும் உதவியை நான் பட்டியலின் அடியில் வைக்கிறேன். ஆனால் இதைப் படித்துவிட்டு 'புத்தகமே வேண்டாம்' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஏன் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

மருந்தும் உணவும் வேறு வகை. 1998-இல் அதே புசியா மாவட்டத்தின் 75 பள்ளிகளில் 30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துக் குடற்புழு நீக்கத் திட்டம் தொடங்கியது. ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு அரை டாலர் அளவே செலவான அந்த மாத்திரையால், பள்ளிக்கு வராமை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. மாத்திரை சாப்பிடாத அண்டைக் குழந்தைகளுக்கும் தொற்று குறைந்து பலன் கிடைத்தது. தேர்வு மதிப்பெண் உயரவில்லை. ஆனால் இருபது ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து விசாரித்தபோது, கூடுதல் ஆண்டுகள் மாத்திரை பெற்றவர்கள் ஒரு மணி நேர வேலைக்கு ஈட்டிய வருமானம் மற்றவர்களுடையதைவிட 13 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்த முடிவுகளை மறுகணக்குச் செய்தவர்கள் 2015-இல் கடுமையான ஐயங்களை எழுப்பினார்கள். பிற நாட்டு ஆய்வுகள் பலவற்றில் இவ்வளவு பலன் தெரியவில்லை என்பதும் உண்மை. செலவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது, புழுத் தொற்று மிகுந்த ஊர்களில் கொடுத்துவிடுவதே சரி என்பது என் முடிவு. சுகாதாரத்துக்கான செலவாக அதைக் கொள்ள வேண்டும். கல்விக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிறைவை அது தந்துவிடக் கூடாது.

அந்தத் திட்டத்திலிருந்தே இன்னொரு பாடமும் கிடைத்தது. 'இலவசமாகக் கொடுத்தால் நிலைக்காது, பெற்றோரும் ஒரு பங்கு கொடுத்தால்தான் தங்களுடையதாக நினைப்பார்கள்' என்பது கொடையாளர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு. சில பள்ளிகளில் பெற்றோரிடம் சிறு கட்டணம் கேட்டுப் பார்த்தார்கள். இலவசமாகக் கொடுத்தபோது நான்கில் மூன்று பங்குக் குழந்தைகள் மாத்திரை சாப்பிட்டார்கள். கட்டணம் வந்ததும் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக ஏழை வீட்டின் முடிச்சை அவிழ்க்கச் சொல்வது பலிக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை. நிலைப்பு என்றால் அரசின் வரவு-செலவுத் திட்டத்தில் இடம்பெறுவது. அதற்கு வேறு பொருள் கிடையாது.

உணவுக்கும் அதே கதை, ஆனால் இன்னும் கூர்மையாக. மேற்குக் கென்யாவின் மழலைப் பள்ளிகள் சிலவற்றில் காலையில் 'உஜி' என்னும் கஞ்சி கொடுக்கப்பட்டது. கஞ்சி கிடைத்த பள்ளிகளில் வருகை 30 விழுக்காடு அளவுக்குக் கூடியது. கற்றல் கூடியதா என்று பார்த்தால், முன்பே நல்ல பயிற்சி பெற்றிருந்த ஆசிரியர்களின் வகுப்புகளில் மட்டுமே கூடியது; மற்ற இடங்களில் குழந்தைகள் வந்தார்கள், உண்டார்கள், கற்காமலே திரும்பினார்கள். இவ்வளவு படித்ததில் என்னை மிகவும் நிறுத்தி யோசிக்கவைத்த முடிவு இதுதான். உணவு குழந்தையைக் கூட்டிவரும். கூட்டிவந்த பிறகு நடக்க வேண்டியது ஆசிரியரின் கையில் இருக்கிறது. இலவசச் சீருடை கொடுத்த பள்ளிகளிலும் வருகை கூடியது. அதையும் இதே வரிசையில் வைக்கலாம்.

அப்படியானால் கூடுதல் ஆசிரியரைக் கொடுத்துவிடலாமா? கட்டண ஒழிப்புக்குப் பின் வகுப்புகள் நிரம்பி வழிந்த நேரத்தில், 2005-இல், மேற்குக் கென்யாவில் 140 பள்ளிகளுக்கு ஆளுக்கொரு ஒப்பந்த ஆசிரியரை நியமிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்று பணம் தந்தது. பயிற்சி முடித்து வேலையில்லாமல் இருந்தவர்களைப் பள்ளிக் குழுவே தேர்ந்தெடுத்தது. சம்பளம் நிரந்தர ஆசிரியர் வாங்குவதில் கால் பங்கு. ஒப்பந்த ஆசிரியரிடம் படித்த குழந்தைகள், அதே பள்ளியில் நிரந்தர ஆசிரியரிடம் படித்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். செலவு குறைவு, பலன் அதிகம் என்பதால் இது நாடு முழுவதுக்குமான விடை என்று பலர் எழுதினார்கள்.

பிறகுதான் உண்மையான சோதனை நடந்தது. 2010-இல் கென்யாவின் எட்டு மாகாணங்களிலும் 192 பள்ளிகளை எடுத்து, ஒரு பகுதிப் பள்ளிகளில் ஒப்பந்த ஆசிரியரைத் தொண்டு நிறுவனமும், மறு பகுதியில் அரசின் கல்வி அமைச்சகமும் நிர்வகிக்குமாறு அமைத்தார்கள். அதே வகையான ஆசிரியர், அதே வேலை, அதே ஒப்பந்தம். தொண்டு நிறுவனத்தின் கீழ் குழந்தைகளின் மதிப்பெண் உயர்ந்தது. அரசின் கீழ் சிறிதும் உயரவில்லை. அரசுப் பக்கத்தில் சம்பளம் தாமதமாக வந்தது, கண்காணிப்புத் தளர்ந்திருந்தது, அதே காலத்தில் அரசு 18,000 ஒப்பந்த ஆசிரியர்களை எடுத்தபோது ஆசிரியர் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது, அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று கோரியது. சங்கத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஒரே வேலைக்குக் கால் பங்குச் சம்பளம் என்பதை எந்த நாட்டுத் தொழிலாளியும் ஏற்க மாட்டார், ஏற்கவும் கூடாது. குறை, மலிவான ஓர் ஆசிரியர் பிரிவை நிலையான கொள்கையாக்கிவிடலாம் என்று எண்ணியவர்களிடம் இருக்கிறது. தொண்டு நிறுவனத்தின் கையில் பலன் தரும் ஒன்று, அதே வடிவில் அரசின் கைக்கு மாறியதும் பலன் தராமல் போகலாம் என்பதை இந்தச் சோதனைதான் முதலில் எண்களில் காட்டியது. அதற்குப் பிறகு, சிறு அளவில் கிடைத்த வெற்றியை மட்டும் காட்டி எவரும் பணம் கேட்டால், 'இதை நாளை யார் நடத்துவார்?' என்று திருப்பிக் கேட்பது கொடையாளரின் கடமையாகிவிட்டது.

தனியார் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2009-இல் நைரோபியின் முகுரு குடிசைப் பகுதியில் தொடங்கிய பிரிட்ஜ் என்ற குறைந்த கட்டணப் பள்ளித் தொடர், கையடக்கக் கருவியில் எழுதி வரும் பாடத்தை ஆசிரியர் அப்படியே வாசித்து நடத்தும் முறையைக் கையாண்டது. அதில் சேரக் குலுக்கல் மூலம் உதவித்தொகை கிடைத்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் கணிசமாக அதிகம் கற்றார்கள் என்று கிரெமரும் பிறரும் செய்த ஆய்வு கூறுகிறது. அதை மறுக்க எனக்குக் காரணமில்லை. ஆனால் ஏழை வீடு மாதக் கட்டணம் கட்ட வேண்டிய ஒரு பள்ளிக்குப் பொது உதவிப் பணம் போவதை நியாயப்படுத்துவது கடினம். அதில் முதலீடு செய்த உலக வங்கிக் குழுமத்தின் தனியார்த் துறைப் பிரிவும் 2022-இல் விலகிக்கொண்டது. கடைசி வரிசைக் குழந்தை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால், விடை அரசுப் பள்ளி என்பதே.

இனி, இருக்கும் ஆசிரியரின் கற்பித்தலுக்கே செலவிடும் வழி. கென்யாவில் 2011 முதல் 2014 வரை நடந்த ஒரு முன்னோட்டத் திட்டத்தில் ஓர் அருமையான ஒப்பீடு செய்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும், வகுப்புக்கு வந்து வழிகாட்டும் பயிற்றுநரும் மட்டும். வேறு சிலவற்றில் அவற்றோடு குழந்தைக்கு ஒன்று வீதம் புதிதாக எழுதிய புத்தகமும். மூன்றாம் வகைப் பள்ளிகளில் இவை எல்லாவற்றோடும், அந்தப் புத்தகத்தோடு பக்கத்துக்குப் பக்கம் பொருந்தும் ஆசிரியர் கையேடும். மூன்றும் சேர்ந்த பள்ளிகளில்தான் கற்றல் மிக அதிகமாக உயர்ந்தது. கையேட்டுக்கான செலவைச் சேர்த்துப் பார்த்தாலும், போட்ட பணத்துக்குக் கிடைத்த பலனில் அதுவே முந்தியது. புத்தகத்தை மறுக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான். புசியாவில் தோற்ற அதே புத்தகம், குழந்தையின் நிலைக்கு ஏற்றபடி எழுதப்பட்டு, அதை எப்படி நடத்துவது என்று தெரிந்த ஆசிரியரின் கைக்கு வந்தபோது வென்றது. கிசுமு பகுதியில் பயிற்றுநருக்கு, ஆசிரியருக்கு, மாணவருக்கு என்று மூன்று வகையாக மின்கருவி கொடுத்தும் பார்த்தார்கள். கருவி இல்லாத அடிப்படைத் திட்டத்தைவிடக் குறிப்பிடும்படி எதுவும் மேலாக இல்லை, செலவு மட்டும் கூடியது. ஒரு கருவி பல பள்ளிகளுக்குப் பயன்படும் என்பதால், பயிற்றுநரிடம் கொடுப்பது ஒன்றே கட்டுப்படியாகும்.

இந்த முன்னோட்டமே 2015-இல் 'துசோமே' என்ற பெயரில் நாடு முழுவதும் ஏறத்தாழ 23,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. சுவாகிலியில் அந்தச் சொல்லுக்கு 'படிப்போம்' என்று பொருள். பணம் அமெரிக்காவும் பிரித்தானியாவும் தந்தவை. வகுப்பில் நின்றவர்கள் அரசின் ஆசிரியர்கள். மேற்பார்வையிட்டவர்களும் அரசின் சம்பளத்தில் இருப்பவர்கள். வகுப்பில் அது எப்படி நடக்கும் என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரப் பாடம். ஆசிரியர் எழுத்து அட்டையை உயர்த்தி, 'எம்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லாமல், உதட்டை மூடி 'ம்' என்று அதன் ஒலியைச் சொல்கிறார். அடுத்து வகுப்பு முழுவதும் அவரோடு சேர்ந்து சொல்கிறது. பிறகு குழந்தைகள் தனியாகச் சொல்கிறார்கள். 'மா', 'ஜி' என்று கூட்டி, 'மாஜி' என்று முடித்தால், அது அவர்களுக்கு நன்கு தெரிந்த தண்ணீர். உடனே புத்தகத்தில் அன்றைய பக்கத்தைத் திறந்து, அதே எழுத்துகள் வரும் சிறு கதையில் விரலை வைத்து வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு புத்தகம் என்பதால் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி வரிசையிலும் ஒரு விரல் எழுத்தின் மேல் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அச்சாணி என்று நான் கருதுவது, 'பாடத்திட்ட ஆதரவு அலுவலர்' என்ற பதவியில் இருப்பவரை. மேலே சொன்ன பயிற்றுநரின் வேலையைத் துசோமேயில் செய்தவர் அவரே. அவர் அரசின் ஆசிரியர் பணி ஆணையத்தின் ஊழியர். முன்பெல்லாம் அவர் பள்ளிக்கு வந்தால் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போவதே பெரும்பாலும் வழக்கம். துசோமேயில் அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து பாடத்தை முழுதாகக் கவனித்து, முடிவில் மூன்று குழந்தைகளை எந்த முன்தேர்வும் இல்லாமல் அழைத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் வாசித்த வேகத்தைக் கருவியில் பதிந்து, பிறகு ஆசிரியரோடு அமர்ந்து பேச வேண்டும். அந்தக் கருவி, அவர் உண்மையில் அந்தப் பள்ளியில்தான் இருந்தார் என்பதையும் பதிவு செய்தது. அந்தப் பதிவின் அடிப்படையில் பயணச் செலவு கிடைத்தது. மேலதிகாரிகளும் மாவட்டவாரியாக அந்த எண்களைப் பார்த்தார்கள். ஆசிரியரைப் பழைய ஆய்வாளரைப் போல மிரட்டாமல், சக ஆசிரியரைப் போல உடனிருந்து திருத்தும் ஒருவர் மாதம் ஒருமுறை வந்துபோவது, இரண்டு வாரப் பயிற்சி முகாம்கள் பத்தைவிட மேலானது என்பதை ஆசிரியப் பணி செய்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்பு முடித்தும் ஒரு சொல்கூட வாசிக்க முடியாத குழந்தைகளின் பங்கு இந்தத் திட்டத்தின் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே கணிசமாகக் குறைந்தது. நாடு முழுவதும், அரசின் கை வழியாக, அளக்கக்கூடிய அளவுக்கு வாசிப்பை உயர்த்திய திட்டங்கள் உலகில் மிகச் சிலவே.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆசிரியர் சொல்ல வேண்டியதை வரிவரியாக எழுதிக் கொடுப்பது அவருடைய சுதந்திரத்தைப் பறிக்கிறது என்ற கண்டனத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். தேர்ந்த ஆசிரியருக்கு அது கட்டாக இருக்கும். ஆனால் எண்பது குழந்தைகளோடு, எழுத்தறிவு கற்பிக்கும் முறையில் முறையான பயிற்சியே கிடைக்காமல் நிற்கும் ஒருவருக்கு, அது கைத்தடி. இதைவிடக் கனமான குறை மொழி. தொடக்க வகுப்புகளில் வட்டார மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது கென்ய அரசின் கொள்கை; பல பள்ளிகளில் நடப்பது ஆங்கிலம். துசோமேயும் ஆங்கிலத்திலும் சுவாகிலியிலுமே நாடெங்கும் போனது. முன்னோட்டத்தின்போது கிகம்பா, லுபுகுசு ஆகிய இரண்டு வட்டார மொழிகளில் நடத்திப் பார்த்ததில் குழந்தைகள் தங்கள் மொழியில் நன்றாக வாசித்தார்கள். தாய்மொழியில் எழுத்துக் கூட்டிப் பழகிய குழந்தைக்கு இரண்டாம் மொழி எளிது என்பதை அறிந்தும், பல மொழிகளில் அச்சிடுவது சிரமம் என்பதற்காக அந்த வழி விரிவாக்கப்படவில்லை. அடுத்து வரும் பணத்தில் ஒரு பகுதி இந்தக் குறையைச் சரிசெய்யவே போக வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

எல்லா ஊருக்கும் ஒரே வரிசை பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துர்கானா, வஜீர், மண்டேரா போன்ற வடக்கு வறட்சி மாவட்டங்களில், ஆடுமாடுகளோடு இடம்பெயரும் குடும்பங்களின் குழந்தைக்குப் பள்ளியில் கிடைக்கும் ஒரு தட்டு கிதேரி, அதாவது மக்காச்சோளமும் அவரையும் சேர்த்து வேகவைத்த உணவு, அன்றைய முழு உணவாகவே இருக்கக்கூடும். அங்கே உணவு முதலில் வர வேண்டும். கையேடும் பயிற்றுநரும் அதன் பின்னால். உலக உணவுத் திட்டம் 1980-இல் கென்யாவில் பள்ளி உணவைத் தொடங்கியது. 2009 முதல் அரசே உள்ளூர்த் தானியத்தை வாங்கிச் சமைக்கும் திட்டத்தைப் படிப்படியாக விரித்து, 2018-இல் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின என்றாலும், கைமாற்றம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு அது: ஒரே நாளில் கதவை மூடாமல், மாவட்டம் மாவட்டமாக, அரசின் நிதி ஏறியபடியும் வெளியார் நிதி இறங்கியபடியும். 2025-இல் அமெரிக்க உதவி நின்ற விதத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், குற்றம் உதவியின் அளவைக் குறைத்ததில் மட்டும் இல்லை, சொல்லாமல் கொள்ளாமல் குறைத்ததிலும் இருக்கிறது என்பது விளங்கும்.

ஆகவே, ஓர் உதவி நிறுவனமோ அறக்கட்டளையோ இன்று கென்யாவின் தொடக்கக் கல்விக்குப் பணம் ஒதுக்குவதென்றால், பெரும்பகுதியை முதல் மூன்று வகுப்புகளின் கற்பித்தலுக்கே, அரசின் பள்ளிகள் வழியாக, புத்தகம், கையேடு, பயிற்றுநர் மூன்றையும் பிரிக்காமல் கொடுக்க வேண்டும். வடக்கு மாவட்டங்களில் உணவுக்கும், தொற்றுள்ள இடங்களில் மாத்திரைக்கும் அதற்கு முன்பே இடம் உண்டு. தனித்து நிற்கும் புத்தக நன்கொடைக்கும், மாணவர் கருவிக்கும், குறைந்த சம்பள ஒப்பந்த ஆசிரியருக்கும் நான் ஒதுக்க மாட்டேன். புத்தக அச்சுச் செலவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. 2018 முதல் கென்ய அரசு பாடநூல்களைத் தானே வாங்கிப் பள்ளிகளுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கிவிட்டது. பயிற்றுநரின் சம்பளமும் அரசுடையதே. வெளியார் பணத்தை நம்பி நின்றது, பார்க்கச் சிறிதாகத் தெரியும் ஒன்று: அவர் பள்ளிக்குப் போய்வரும் பயணச் செலவு. அது நின்றால் மோட்டார் சைக்கிள் நிற்கும். மூன்று குழந்தைகளை அழைத்து வாசிக்கச் சொல்ல ஆள் இருக்காது. கையேடு அலமாரிக்குப் போகும். அந்தப் பெட்ரோல் செலவு எந்த ஆண்டிலிருந்து, எந்தத் தலைப்பின் கீழ், அரசின் வரவு-செலவுத் திட்டத்தில் வரும் என்பதை முதல் தவணைப் பணம் போகுமுன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.